காலியாக இருந்த பை

குடலை வெளியே எடுத்து வைத்த குழந்தையின் பை காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். நான் ஒருமுறை சந்தோஷப்பட்டேன். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பத்தாவது படித்தவள். நர்சிங் அசிஸ்டன்ட் பயிற்சி முடித்து, செங்கல்பட்டில் பச்சைக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற வார்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வயதாகி ஓய்வு பெற்றேன்; மாலை போட்டு அனுப்பினார்கள். சனிக்கிழமை ஒருபொழுது இருப்பேன். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் தலைக்குக் குளிக்காமல் விளக்கு ஏற்ற மாட்டேன். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த தப்பில் இதற்கும் பங்கு உண்டு.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வார்டில் முதலில் காட்டியது அந்தச் சிவப்புக் குமிழாகத்தான் இருக்கும். பிறந்து இரண்டு மூன்று நாளில் குடலில் ஓட்டை, அடைப்பு என்று வரும் பிள்ளைகளுக்கு, குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்துவிடுகிறார்கள். ஸ்டோமா என்பது அதுதான். மலம் அதன் வழியாக ஒட்டுப்பையில் வந்து விழும். சில மாதம் கழித்துப் பிள்ளை தேறியதும் குடலை உள்ளே சேர்த்து மூடிவிடுவார்கள். அதுவரை தாய்க்குப் பை மாற்றச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உதட்டின் உள்பக்கம் போல சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தால் ஓடி வா என்று சொல்வேன். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். தூக்கத்திலும் சொல்வதாக என் வீட்டுக்காரர் புகார்.

அதில் வரும் கோளாறுகள் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரிபவை. சுற்றியுள்ள தோல் வெந்து போகும், தெரியும். குடல் உள்ளே இழுத்துக்கொள்ளும், தெரியும். அழுத அழுகையில் ஒரு சாண் வெளியே பிதுங்கி வரும், அதுவும் தெரியும். நான் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தைக்கு அப்படிப் பிதுங்கி வீங்கிவிட்டது. டாக்டர் ஏதோ சொல்ல, சீனியர் சிஸ்டர் என்னைப் பார்த்து, “சர்க்கரை கொண்டா” என்றார். அந்த அமளியில் டீ குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து டம்ளரும் வடிகட்டியும் சேர்த்துக் கொண்டுபோனேன். அவர் சர்க்கரையை மட்டும் வாங்கி டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் அதைக் குடல்மேல் தூவினார். சர்க்கரை நீரை இழுத்து வீக்கம் வடிந்தது. மெதுவாக உள்ளே தள்ளிவிட்டார். சிஸ்டர் திரும்பி, “இப்ப டீ போடு” என்றார். நீங்களாக யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. அது ஒரு தொலைபேசிப் பேச்சில் ஆரம்பித்தது.

படாளம் பக்கத்துப் பெண் பவானி. விவசாயக் குடும்பத்தில் வாக்கப்பட்டவள். புருஷன் டில்லிபாபு சிறுசேரி கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறவன். தலைப்பிள்ளை ஆண். மூன்றாம் நாளே குடலில் ஓட்டை. ஆபரேஷன் ஆகி, சிறுகுடலை வெளியே வைத்து, இருபத்தைந்து நாள் எங்கள் வார்டில் கிடந்தான். சிறுகுடல் என்றால் வருவது கெட்டியாக இருக்காது. தண்ணீராகக் கொட்டும். குடித்த பாலில் பாதி அரை மணியில் பைக்கு வந்துவிடும். இதைப் பவானிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கையில் நல்ல சுத்தம் உள்ள பெண். மூன்றே நாளில் என்னைவிட நேராகப் பை ஒட்டினாள்.

வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை போன் செய்தாள். நான் இன்னொரு குழந்தைக்குத் தோலில் மருந்து பூசிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

“அக்கா, நாப்பது கழிஞ்சுடுச்சு. சனிக்கிழம திருவிடந்தைக்குப் போறோம். அத்தை வேண்டிகினாங்களாம், புள்ளய சன்னதியில போட்டு எடுக்கணும்னு. பையோட கோயிலுக்குள்ள போலாமாக்கா? தீட்டு இல்லியா?”

இந்தக் கேள்விக்கு வார்டிலிருந்து ஒரு பதில் உண்டு. போகலாம், போவதற்கு முன் பால் கொடு, பையைக் காலி செய், வெயிலில் நிற்காதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் தவறக்கூடாது. நான் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. என் பூஜை அறையிலிருந்து ஒரு பதில் வந்தது. பெருமாள் சன்னதியில், கல் தரையில், அந்தப் பை பிரிந்து கொட்டுவது என் கண்முன் வந்து நின்றது. எனக்கே கூசியது.

“தாராளமா போலாம். பை மட்டும் நெறையாம பாத்துக்கோ” என்றேன்.

“சரிக்கா” என்றாள். அவள் சரி என்றதும் எனக்குத் திருப்தி. போனை வைத்துவிட்டேன். பத்து வார்த்தைகூடப் பேசவில்லை.

சனிக்கிழமை எனக்கு லீவு. “நீங்களும் வரணும்க்கா, அத்தை சொல்லச் சொன்னாங்க” என்று காலையிலேயே டில்லிபாபு காரோடு வீட்டுவாசலில் வந்து நின்றான். மாமியார் அரக்குப் பட்டில் முன்சீட்டில். பின்னால் பவானி, மடியில் பிள்ளை, தலையில் ஜிகினா வைத்த குல்லாய். தூங்கிக்கொண்டிருந்தான்.

“பால் கொடுத்தியா?”

“வூட்லயே ஆச்சுக்கா.”

திருப்போரூர் வழியாக நெம்மேலி போய்க் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். வழியெல்லாம் டில்லிபாபு அந்தக் கோயிலில் கல்யாணம் கூடிவர வேண்டி மாலையோடு ஒன்பது சுற்று சுற்றிய கதை. “எட்டாவது சுத்துலயே போன் வந்துட்ச்சுக்கா, பொண்ணு வூட்டுல ஓகே சொல்ட்டாங்கன்னு. ஒம்போதாவது சுத்து இன்னாத்துக்குன்னு கேட்டேன், அம்மா அடிக்க வந்துட்டாங்க.”

“பேசாம ரோட்ட பாத்து ஓட்றா” என்றார் மாமியார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழந்தையோடு ஒரே காரில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒருமுறைகூட அழவில்லை. எங்கள் யார் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. தரிசனம் முடித்துத்தான் சாப்பிடுவது என்று கிளம்பியவர்கள். பசி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால், யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

கோயிலில் கூட்டம். கல்யாண மாலைகளோடு பையன்களும் பெண்களும் வேகவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். சன்னதி வந்ததும் மாமியார் பிள்ளையை வாங்கித் தரையில் ஒரு துணியை விரித்துக் கிடத்தினார். சட்டை கொஞ்சம் மேலே ஏறியது. நான் முதலில் பார்த்தது பெருமாளை இல்லை, பையை. புதுப் பை. ஒட்டு பிசகாமல், சுருக்கம் இல்லாமல், தட்டையாக, காலியாக இருந்தது.

‘பெருமாளே, காப்பாற்றினாய்’ என்று கும்பிட்டேன். கூடவே, நான் சொல்லிக்கொடுத்த பெண் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாள் பார் என்றும் ஓர் எண்ணம். கை கூப்பியபடியே அதையும் நினைத்தேன்.

அர்ச்சகர் துளசி கொடுத்தார். பிரகாரத்துக்கு வந்து தூண் ஓரம் உட்கார்ந்தோம். டில்லிபாபு பொங்கல் வாங்கி வந்தான்.

“இன்னாக்கா, புள்ள இவ்ளோ சமத்தா கீறான்? வூட்ல கூரைய பிச்சிப்பான்.”

“பெருமாள பாத்துட்டான் இல்ல, அதான்” என்றார் மாமியார். “வாங்கம்மா, துளசிய புள்ள தலையில வைங்க. உங்க கையால வைங்க.”

வைப்பதற்காகக் குல்லாயைக் கழற்றினேன். உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. ஒரு புளியங்கொட்டை உட்காரும் அளவுக்குக் குழி.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் நீர் வற்றினால் பச்சைக் குழந்தைக்கு அங்கேதான் முதலில் தெரியும். வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. வயிற்றுத் தோலைக் கிள்ளினேன், மடிப்பு மெதுவாகத்தான் விரிந்தது. நாப்கின் காய்ந்து கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவன் சமத்தாக இருக்கவில்லை. துவண்டு கிடந்தான்.

இப்போது அந்தக் காலிப் பையை மறுபடி பார்த்தேன்.

காலிப் பைக்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, உள்ளே போனது வெளியே வரவில்லை, குடல் அடைத்திருக்கிறது. அப்படியானால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது, சர்ஜனிடம் ஓட வேண்டும். இன்னொன்று, உள்ளேயே ஒன்றும் போகவில்லை. அப்படியானால் உடனே நீர் ஏற்ற வேண்டும், பால் கொடுக்க வேண்டும். பை ஒன்றுதான், வைத்தியம் இரண்டு. எது என்று சொல்லக்கூடியவள் என் எதிரில் பொங்கல் தொன்னையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பவானி, கடைசியா எத்தன மணிக்குப் பால் கொடுத்த?”

அவள் மாமியாரைப் பார்த்தாள். “அஞ்சு மணிக்குக்கா.”

“நல்லா குடிச்சானா?”

“குடிச்சான்க்கா.”

எங்கள் பெரிய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் ஆபரேஷனுக்குக் கை கழுவப் போகும் நேரம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டார். “வயிறு உப்பியிருக்கா?” இல்லை மேடம், மெத்தென்று இருக்கிறது. “பச்சையா வாந்தி?” இல்லை. “பால் எப்ப?” அஞ்சு மணிக்கு மேடம், நல்லா குடிச்சானாம்.

“நல்லா குடிச்சும் பையில ஒண்ணுமே இல்லன்னா அடைப்பா இருக்கலாம். வாயில எதுவும் கொடுக்காதே. செங்கல்பட்டு வர வரைக்கும் தாங்காது. பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போ, டாக்டரை என்கிட்ட பேசச் சொல்லு” என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நான் கொடுத்த விவரத்துக்கு அதுதான் பதில்.

கோவளம் தாண்டிக் கேளம்பாக்கம் போக முடிவாயிற்று. டில்லிபாபு பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டினான். மாமியார் முன்சீட்டில் கோவிந்தா கோவிந்தா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்னால் பவானியை ஒட்டி உட்கார்ந்தேன். பிள்ளை என் மடியில்.

அப்போதுதான் கவனித்தேன். காலையிலிருந்தே அவள் மார்போடு ஒரு பூத்துவாலையைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். பிள்ளைக்காக என்று நினைத்திருந்தேன். பிள்ளை இப்போது என்னிடம் இருக்கிறான். துவாலை அங்கேயே இருந்தது. காரில் பால் வாடை.

துவாலையை விலக்கினேன். ரவிக்கை தொப்பலாக நனைந்து, புடவை முந்தியும் ஈரம். தொட்டுப் பார்த்தேன். கல்லாகக் கட்டியிருந்தது. அஞ்சு மணிக்குக் கொடுத்தவளுக்கு இப்படிக் கட்டாது. இருபது வருடமாக நான் பார்க்காத தாயா?

அவள் காதோடு கேட்டேன். “எப்போடி?”

“ராத்திரி ஒரு மணிக்குக்கா.” உதடு மட்டும்தான் அசைந்தது. மணி அப்போது பதினொன்றரை.

“ஏன்டி?”

“நீங்கதானக்கா சொன்னீங்க, பை நெறையாம பாத்துக்கோன்னு. குடிச்சா அரை மணியில வந்துடும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. விடிய விடிய வந்துகினே இருந்துச்சு. மூணு வாட்டி கொட்னேன். ஏழு மணிக்குத்தான் நின்னுச்சு. அப்பதான் புதுப் பை போட்டேன்.” துவாலையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டு, “கோயில் முடிஞ்சதும் குடுத்துடலாம்னுதான்க்கா இருந்தேன். வரிசை இவ்ளோ நேரம் ஆவும்னு தெரியாது” என்றாள்.

என் வார்த்தையை அவள் மீறவில்லை. அப்படியே கேட்டிருக்கிறாள்.

“அத்தைகிட்ட சொல்லாதீங்கக்கா. புள்ளய பட்டினி போட்டேன்னு தெரிஞ்சா என்னை இருக்க வுட மாட்டாங்க.”

டாக்டரம்மாவுக்கு மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஆபரேஷனுக்குள் போய்விட்டார்.

கேளம்பாக்கத்தில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த டாக்டருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். பிள்ளையை மேஜையில் கிடத்தியதும் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் குமிழைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் பார்த்திருக்க முடியாது.

“எப்போலேர்ந்து இதுல எதுவும் வரல? பால் எப்போ கொடுத்தீங்க?”

பவானி வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “அஞ்சு மணிக்கு வயிறு முட்ட குடிச்சான் சாமி. அதுக்கப்புறம் ஒண்ணுமே வர்ல. பெரிய டாக்டரம்மாகூட அடைப்புன்னுட்டாங்க.”

“அப்போ இது சர்ஜன் பாக்க வேண்டிய கேஸ். இங்க கை வைக்க முடியாது. ஆம்புலன்ஸ் சொல்றேன், மெட்ராஸ் கொண்டு போயிடுங்க” என்று போனை எடுத்தார்.

மெட்ராஸ் என்றால் சனிக்கிழமை போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரம். அந்த உச்சிக்குழியோடு, ஒரு சொட்டு நீர் ஏறாமல். பவானி என் கையைப் பிடித்தாள். பிடித்தது கெஞ்சலா, சொல்லிவிடு என்பதா, எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

“டாக்டர்” என்றேன், “அது நெஜம் இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு அப்புறம் குழந்தை வாயில ஒண்ணும் போகல. ஆனா ஏழு மணி வரைக்கும் பையில கொட்டியிருக்கு. அடைப்பு இல்ல, வத்திப் போயிருக்கான். கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி பை நெறையாம பாத்துக்கோன்னு நான்தான் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் பட்டினி போட்டிருக்கா. நான் அந்த வார்டுலதான் வேலை செய்றேன்.”

கடைசி வரியைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். “அஞ்சு மணியா, ஒரு மணியா? யாராவது ஒருத்தர் மட்டும் சொல்லுங்க.”

“ஒரு மணி சார்” என்றாள் பவானி. முதல் தடவையாகச் சத்தமாக.

டாக்டர் போனை வைத்தார். பவானியின் ஈரமான ரவிக்கையைப் பார்த்தார், பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாப்கினைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கை வேகமாக ஓடியது. சிஸ்டரைக் கூப்பிட்டு, மூன்றாம் குத்தில் நரம்பு பிடித்து, நீர் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

வராந்தாவில் மாமியார் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்று நானே நடுவில் போய் நின்றேன்.

“ஏன்டி, உனுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? பச்ச புள்ளய பட்டினி போட்டு இன்னா சாமி கும்புட வந்த?”

“கோயில்ல கொட்டிட்டா தீட்டுன்னு…”

“அது இன்னா சாமின்னு தெரியுமாடி உனுக்கு? பன்னி ரூபம் எடுத்து சேத்துல எறங்குன சாமிடி. பூமாதேவிய மூக்கு மேல தூக்கினு வந்த சாமி. அதுக்கு உம் புள்ள பீ தீட்டா?”

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருடமாகப் பெருமாள் கதை கேட்பவள் நான். வியாழக்கிழமை போனில் இது எனக்குத் தோன்றவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா? நான் இன்னா ராட்சசியா?”

பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்கதான அத்தை, பூஜை மாடத்துப் பக்கம் புள்ளய தூக்கினு வராதன்னீங்க. அவன் துணிய தனியா காயப் போடச் சொன்னீங்க.”

மாமியார் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். டில்லிபாபு, “தண்ணி வாங்கியாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்று கடை தாண்டிப் போய் வாங்கினான் போலிருக்கிறது, வர அரை மணி ஆயிற்று.

அந்த வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாமம் சொல்ல முயன்றேன், வரவில்லை. பை, பை என்றுதான் மனசு சொன்னது. அப்போது யோசித்ததைத்தான் உங்களிடம் சொல்ல முடியும். தாய் நம்மிடம் கேட்பது ஒன்றாக இருக்கும், பயப்படுவது வேறாக இருக்கும். கோயிலுக்குப் போகலாமா என்று பவானி கேட்டாள். மாமியார் முன்னால் அவமானப்படாமல் இருக்க வழி கேட்டிருக்கிறாள். நானும் அதற்கு மட்டும் வழி சொல்லிவிட்டேன். பிள்ளை பிழைக்க வழி சொல்லவில்லை. அன்றிலிருந்து, ‘புரிஞ்சுதா’ என்று எந்தத் தாயிடமும் நான் கேட்டதில்லை. புரியவில்லை என்று எவளும் சொன்னதில்லை. ‘நாளைக்குக் காலைல எழுந்ததும் என்ன செய்வ, சொல்லு’ என்று கேட்பேன். சொல்லும்போது தெரிந்துவிடும். சில பேர் சொல்வதைக் கேட்டால் உங்களுக்குத் திக்கென்று இருக்கும். இருக்கட்டும், வார்டிலேயே தெரிந்தால் நல்லது.

இன்னொன்று. உங்கள் தப்பை நீங்கள் சொல்ல வேண்டி வரும்போது, மணியோடு சொல்லுங்கள். மன்னிப்பை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். டாக்டருக்கு உங்கள் கண்ணீரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு மணியா, அஞ்சு மணியா என்பதுதான் வேண்டும்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மெமோ கொடுப்பார் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, “நானும் போன்ல மூணு கேள்விதான் கேட்டேன். அம்மாவைப் பேசச் சொல்லியிருக்கணும்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் யாரிடம் போனில் பேசினாலும், “போனைத் தாய்கிட்ட கொடு” என்பார்.

சனிக்கிழமைக்கே வருகிறேன்.

நீர் ஏற ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டான். அப்புறம் ஒரு சிணுங்கல். அந்தச் சிணுங்கலைக் கேட்டு டில்லிபாபு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். டாக்டரம்மா ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து, அந்த இளைய டாக்டரோடு போனில் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பால், பாலாடையில் என்று முடிவாயிற்று. பாலாடை, குழந்தைக்குப் பால் புகட்டும் அந்த மூக்கு வைத்த கிண்ணம், பவானியின் தோள்பையில் துணியில் சுற்றி இருந்தது.

திரை மறைவில் உட்கார்ந்து பவானி பாலைப் பீய்ச்சினாள். கட்டிப்போன மார்பு, வலியில் கண்ணீர் தானாக வந்தது. பாலாடையைச் சாய்த்ததில் முதல் சொட்டு பிள்ளையின் கன்னத்தில் போயிற்று. மாமியார் எழுந்து வந்தார். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். பவானி கையிலிருந்த பாலாடையை வாங்கி, கடைவாயில் வைத்து, ஒரு சொட்டு விட்டார். தொண்டையைப் பார்த்தார். இன்னொரு சொட்டு.

முதலில் வழிந்தது. பிறகு நாக்கு அசைந்தது. பிறகு விழுங்கினான்.

நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வார்டில் எத்தனை பைகளைப் பார்த்து முகம் சுளித்திருப்பேன், தெரியாது. அன்று ஒரு கறைக்காகக் காத்திருந்தேன். இரண்டு மணிக்கு மாமியார் மடியிலேயே மறுபடி பத்து மில்லி. அது பாதி போயிருக்கும், குமிழ் ஒருமுறை சுருங்கி விரிந்தது. மஞ்சளாக ஒரு கோடு பைக்குள் இறங்கியது.

“வந்துடுச்சு” என்றேன்.

அடுத்த நிமிடம் எல்லாம் சேர்ந்து வந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய வயிறு; அதன்மேல் ஒட்டிய பை எவ்வளவு தாங்கும்? கீழ் விளிம்பு பிரிந்துகொண்டது. சூடாக, மஞ்சளாக, மாமியாரின் அரக்குப் பட்டில் தொடையோடு வழிந்து கட்டில் விரிப்பில் இறங்கியது. பவானி, “ஐயோ அத்தை!” என்று பிள்ளையை வாங்கப் பாய்ந்தாள். நானும் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மாமியார் முழங்கையால் எங்கள் இரண்டு பேரையும் தடுத்தார். கண் பிள்ளையின் தொண்டையைவிட்டு எடுபடவில்லை.

“ச்சூ. ஆட்டாதீங்க” என்றார். “முழுங்கிகினு கீறான்.”